குருவம்மாளின் குதிகால்

ஒன்பது பெண்களைப் புதைத்த பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில், ஒன்பது வீட்டுக்கும் பொதுவாகப் போட்டிருந்த கருமாதிப் பந்தலில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, கிழக்கே உடைமரக் காட்டிலிருந்து ஒன்பது ஆமைகள் எங்கள் ஓடைக்கரைப்பட்டிக்குள் வந்தன. முந்தின நாள் சாயங்காலம் ஐப்பசி மழை பெய்து வண்டிப்பாதை ஈரமாகக் கிடந்தது. ஒன்று ரேஷன் கடைப் பக்கமாக, ஒன்று அடிகுழாய்ப் பக்கமாக, இரண்டு கம்மாய்க்கரை இறக்கமாக என்று, சந்தையில் பிரிந்துபோன ஆட்கள் பஸ்ஸுக்கு வந்து கூடுகிற மாதிரி ஆளுக்கொரு வழியில் வந்து பந்தலுக்கடியில் நின்றன. அவை மட்டும் ஒழுங்காக வரிசையில் வந்திருந்தால் பின்னால் வந்த துன்பத்தில் பாதி இல்லாமல் போயிருக்கும். ஆனால் அதை ஆமையிடம் போய்ச் சொல்ல முடியுமா.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் முதலில் ஒருத்தர் கம்பை எடுத்தார். செத்துப்போன தங்கமாரியின் புருஷன் கருத்தபாண்டி, மொட்டையடித்த தலையோடு பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்.

"இதுக்கு மேல உருப்படாமப் போறதுக்கு ஊர்ல என்னய்யா இருக்கு. கம்பக் கீழ போடு. வந்தது வந்துட்டுப் போகட்டும்."

கம்பு கீழே விழுந்தது. ஆமைகள் வந்துவிட்டுப் போக வரவில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, வேலை நெரிந்துகொண்டிருந்த நேரத்தில், மருந்து செலுத்துகிற ரூம் வெடித்தது. அந்த ரூமில் இருந்த ஒன்பது பேரும் எங்கள் ஊர்ப் பெண்கள். ஆபீசுக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, ஒரு மணல் உரசினாலும் பொறி பறக்கும் என்பதால், எல்லோரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒன்பது ஜோடிச் செருப்பும் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் கட்டி ஒன்பது பொட்டலம் கொடுத்தார்கள். எது யார் என்று அவர்களும் சொல்லவில்லை, கேட்கிற தெம்பு எங்களுக்கும் இல்லை. கம்மாய்க்கரையில் ஒரே குழியாக வெட்டி, எல்லோரையும் ஒன்றாக வைத்து, மேலே செருப்புகளையும் போட்டு மூடினோம்.

வெறுங்காலோடு வருஷக்கணக்காகச் சிமெண்டுத் தரையில் நின்று வேலை பார்த்த குதிகால் என்ன ஆகும்? வெடிக்கும். மருந்துத் தூசி ஏறிக் கருத்துப்போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மஞ்சளை உரசித் தேய்ப்பார்கள். தேய்த்துக் கழுவினால் தோலில் இருக்கிற மஞ்சள் போய்விடும், வெடிப்புக்குள் இறங்கிய மஞ்சள் போகாது. கருத்த குதிகாலில் மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள் ஓடும். ஒரே ஊர், ஒரே வேலை, ஒரே மருந்து, ஒரே கடை மஞ்சள். இருந்தும் ஒருத்தி குதிகால் மாதிரி இன்னொருத்தி குதிகால் இருக்காது. ஒருத்திக்கு நடுவிலிருந்து சக்கர ஆரம் மாதிரி கோடு விரியும். ஒருத்திக்கு ஓரத்திலேயே ஒதுங்கி நிற்கும். ஒருத்திக்குத் தடித்து, ஒருத்திக்கு நூலாக.

இதையெல்லாம் நாங்கள் அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்துகொண்டோம். ஒச்சம்மாளின் தங்கச்சி ராசகனி, இலை போடுவதற்காகக் குனிந்தவள், காலடியில் நின்ற ஆமையின் முதுகைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயசில் இடம் பற்றாத வீட்டில் அக்காவும் தங்கச்சியும் தலைமாடு கால்மாடாகப் படுத்துத் தூங்கியவர்கள். கண்ணை விழித்தால் அக்காவின் குதிகால்தான் அவளுக்கு முதலில் தெரியும்.

"எக்கா" என்றாள். ஆமை தலையை நீட்டி அவளைப் பார்த்தது. "எக்கா, நீ வந்துட்டியா. எங்களையெல்லாம் விட்டுட்டு அங்கன இருக்க முடியலயாக்கா."

கருத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள். ஒவ்வொரு மேட்டிலிருந்தும் கோடுகள் பிரிந்து ஓடின. ஒச்சம்மாளின் வலது குதிகாலில் இருந்த வெடிப்பு ஒன்று விடாமல் அந்த முதுகில் இருந்தது. கருமாதிச் சோறு அடிப்பிடித்துப் போனதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது வீட்டு ஆட்களும் தரையில் மண்டிபோட்டு ஆமை முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொழுது சாய்வதற்குள் ஆறு பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள். மூக்கம்மாள் தாலியறுத்தவள், மஞ்சள் தொடாதவள். ஒரு ஆமைக்கு மட்டும் கோடுகள் வெள்ளையாக இருந்தன. அவள் மருமகள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கமாரியைக் கண்டுபிடிக்க முதுகைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அடிகுழாய்த் தொட்டியில் தண்ணீர் வைத்தபோது மற்ற ஆமைகளை மோதித் தள்ளிவிட்டு முதலில் போய் வாயை வைத்தது ஒன்று. ஊரே கருத்தபாண்டியைத் திரும்பிப் பார்த்தது. "அவதான்" என்றார் அவர், பெருமையும் அழுகையுமாக.

சங்கரேஸ்வரி கல்யாணமாகி ஏழு மாதம். அவள் புருஷன் சமுத்திரம் ஒரு பார்வையில் அவளை எடுத்துக்கொண்டான். எப்படியடா தெரிந்தது என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, ராத்திரியில் அவளுக்குத் தான் கால் அமுக்கிவிடுவது வழக்கம் என்றான். பெண்டாட்டி காலைத் தொடுகிறவன் என்றால் எங்கள் ஊரில் பேரனுக்குப் பேரன் பிறக்கிற வரைக்கும் கேலி செய்வார்கள். அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. காலைப் பிடித்தவனுக்குப் பெண்டாட்டி கிடைத்தாள், மீசையை முறுக்கியவர்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஆமைகள் ஊர் நடப்பில் ஒன்றாகிவிட்டன. ஏறமுடியாத வாசல்படிகளைக் கொத்திச் சரிவாக்கினோம். தெருவில் பைக் ஓட்டுகிறவர்கள் முக்கில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள். பால்வாடிக்குப் போன பிள்ளைகள், போகிறபோது அம்மாவின் ஓட்டில் கையை வைத்துவிட்டுப் போனார்கள். கருத்தபாண்டி மகளுக்கு எந்தச் சேலை எடுப்பது என்று இரண்டைத் தரையில் விரித்துப்போட்டு, தங்கமாரி எதன்மேல் ஏறி நிற்கிறாள் என்று பார்த்து எடுத்தார். அமாவாசை வந்தபோது ஒரு சந்தேகமும் வந்தது. ஆள் நேரிலேயே வந்திருக்கும்போது காக்காய்க்குச் சோறு வைக்கலாமா கூடாதா? காளி கோயில் பூசாரி ரொம்ப நேரம் யோசித்து, காக்காய் என்ன தப்புப் பண்ணியது, அதுக்கும் வையுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். என் மாவு மில்லில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் பெண்களோடு இவ்வளவு பேச்சு பேசியிருப்போமா என்று தோன்றியது. பேசியிருக்க மாட்டோம்.

மூன்றாம் நாள் இன்னொருத்தியும் வீடு சேர்ந்தாள். மிச்சம் இரண்டு ஆமைகள். ஒன்று பேச்சி. எங்கிருந்தோ வாழ்க்கைப்பட்டு வந்து, புருஷன் ஓடிப்போய், பிள்ளையும் இல்லாமல், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குச்சில் தனியாகக் கிடந்தவள். அவளை அடையாளம் சொல்ல ஊரில் ஆள் இல்லை. இன்னொன்று வெயிலுமுத்துவின் பெண்டாட்டி குருவம்மாள். எது யார் என்றுதான் வெயிலுமுத்துவுக்குத் தெரியவில்லை.

வெயிலுமுத்து மாட்டுத் தரகர். சுற்றுவட்டாரத்தில் அவரைப்போல மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் கைமாற்றிவிட்ட காளையைக் கூட்டத்துக்கு நடுவில் பார்த்தாலும், இது இன்ன ஊர் இன்னார் வீட்டுக் கன்று, தாய்க்கு முதுகில் ராஜசுழி என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இரண்டு ஆமைக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, முதுகை மாற்றி மாற்றிப் பார்த்து, வேர்த்துப்போய் எழுந்தார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் நடப்பான், பெண்டாட்டி பத்தடி தள்ளிப் பின்னால் வருவாள். கோயிலுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் அப்படித்தான். பத்தொன்பது வருஷம் வெயிலுமுத்து முன்னால் நடந்தார், குருவம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அவர் குதிகால் அவளுக்கு மனப்பாடம். அவள் குதிகாலை அவர் பார்த்ததே இல்லை. பிள்ளை குட்டி இருந்தாலாவது கேட்கலாம், அதுவும் இல்லை. கூட வேலை பார்த்தவர்களைக் கேட்கலாம் என்றால் அவர்களும் போய்விட்டார்கள்; இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது, ஒன்பது பேரும் வரப்பில் ஒற்றை வரிசையாகத்தான் ஆபீசுக்குப் போவார்கள். முன்னால் போகிறவள் குதிகால் பின்னால் வருகிறவளுக்குத் தெரியும். குருவம்மாள் வரிசையில் கடைசி. புருஷனுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, வீட்டைப் பூட்டி ஓடிவருவதற்குள் மற்றவர்கள் வரப்பில் இறங்கியிருப்பார்கள். அவளுக்குப் பின்னால் யாருமே நடந்ததில்லை.

செருப்பில் குதிகால் பதிந்திருக்குமே என்று யாரோ சொல்ல, வெயிலுமுத்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்மாய்க்கரைக்குப் போனார். பாதி நாள் குழிமேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மண்வெட்டியில் மண் ஒட்டாமல் திரும்பி வந்தார். எட்டுப் பேர் தூக்கத்தைக் கெடுத்து என் பெண்டாட்டியைத் தேட மாட்டேன் என்றார்.

இரண்டு ஆமையையும் வீட்டுக்குத் தூக்கிப்போனார். மாட்டுக்காரர் இல்லையா, முதுகு தெரியாவிட்டால் குணத்தை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். தக்காளி வைத்தார், வெள்ளரிக்காய் வைத்தார், முருங்கைக்கீரை வைத்தார். இரண்டும் தின்றன. குருவம்மாளுக்கு எது பிடிக்கும் என்று யோசித்தபோது, அவள் சாப்பிட்டுத் தான் பார்த்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. அவர் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு சாப்பிட்டவள் அவள். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். "இந்தா" என்றார். இரண்டும் திரும்பின. ஊரே பேச்சியை "இந்தா" என்றுதான் கூப்பிட்டது.

நாலாம் நாள் காலையில் என் மில்லுக்கு வந்தார். "அண்ணே, கண்டுபிடிச்சிட்டேன். கூட வாங்க, நீங்களும் பாருங்க" என்றார். அவர் வாசலிலிருந்து கம்மாய் வரைக்கும் நடந்தோம். அவர் முன்னால் நடக்க, இரண்டு ஆமையில் ஒன்று பத்தடி தள்ளி அவர் பின்னாலேயே வந்தது. அவர் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. இன்னொன்று இருக்கிறதே, ஆமையா அது? விறுவிறுவென்று வந்து அவரைத் தாண்டி, எனக்கும் முன்னால் போய், ஒரு தரம்கூடத் திரும்பாமல் கம்மாய்க்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. போய்த்தான் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"பாத்தீகளா. எனக்கு முன்னால ஒரு நா நடந்திருப்பாளா அவ? பின்னால வாரதுதான் குருவம்மா."

வெயிலுமுத்து பார்த்தால் பிசகாது என்று நாங்களும் சொன்னோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போனால் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பின்னால் வந்த ஆமையைப் பலகையில் வைத்து, எதிரே உட்கார்ந்து, மஞ்சள் உரசி முதுகில் தடவிக்கொண்டே பேசுவார். கல்யாணத்தன்றைக்கு அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காததைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இனி பிள்ளை இல்லை என்று சொன்ன அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் அழுதுகொண்டே பின்னால் வந்தது காதில் கேட்டும் தான் திரும்பாமல் நடந்ததைச் சொன்னார். "திரும்பினா நானும் அழுதிருவேன்டி. ரோட்டுல வச்சு எப்படி அழ" என்றார். பத்தொன்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ஆமை கழுத்தை நீட்டி ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. தன்னிடம் ஒருத்தர் இப்படிப் பேசி அது கேட்டதே இல்லை என்கிற மாதிரி இருந்தது அது கேட்ட விதம்.

இன்னொரு ஆமை மாட்டுத் தொழுவத்தில் இருந்தது. போகிற போக்கில் கீரையைப் போட்டுவிட்டுப் போவார். பட்டினி போடவில்லை, திட்டவில்லை. அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்து வனத்துறை ஜீப் வந்தது. வனக்காவலர் எபனேசர் இறங்கினார், கையில் ஒரு மரப்பெட்டி. இது நட்சத்திர ஆமை, வீட்டில் வைத்திருந்தால் வளர்க்கிறவர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும், ஒன்பது இருப்பதாக மேலிடத்துக்குத் தகவல் போயிருக்கிறது என்றார். நாங்கள் நடந்ததைச் சொன்னோம். நல்ல மனுஷர். ஒவ்வொரு வீடாகப் போய் ஒவ்வொருத்தியையும் பார்த்தார். சங்கரேஸ்வரி ஆம்பளையைக் கண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திரும்பிப் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த ஜீப்புக்கு வந்தார்.

"மிச்சமெல்லாம் காட்டுக்குள்ள போயிருச்சுன்னு எழுதிக்கிறேன்யா. ஆனா வெறும் பெட்டியோட நான் போக முடியாது. ஒண்ணாவது குடுங்க. வேலி போட்ட காடு இருக்கு, அங்கன விட்டுருவோம். தின்ன குடிக்கக் குறை வராது."

யாரைக் கொடுப்பது? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பிறகு எல்லோரும் வெயிலுமுத்துவைப் பார்த்தோம். அவர் வீட்டில்தான் இரண்டு இருந்தது.

"பேச்சிக்கு யாரு இருக்கா, தேடுறதுக்கு" என்றார் கருத்தபாண்டி.

ஆமா, பேச்சிக்கு யார் இருக்கிறார்கள் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. ஆள் இல்லாதவளைத் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது எங்களுக்கு.

வெயிலுமுத்து தொழுவத்துக்குப் போய் அவரே தூக்கிவந்தார். ஜீப் வரைக்கும் சும்மா வந்த ஆமை, பெட்டிக்குள் இறக்கும்போது முன்னங்கால் நகத்தை அவர் சட்டைக் கையில் மாட்டிக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு நகமாக எடுத்துவிட வேண்டியிருந்தது. கழுத்தை முழுசாக நீட்டி அவர் முகத்தையே பார்த்தது.

"நல்லா இரு தாயி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். வீட்டுக்குத் திரும்பி நடந்தார், அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி மற்ற ஆமை வந்தது.

தை மாசம் சுடலையாண்டி வந்தார். பக்கத்து ஊர்க்காரர், ஆபீஸ் கேட்டில் செக்கிங் வேலை. வெடித்த அன்றைக்கு ஆட்களை இழுக்கப் போய் உடம்பு பாதி வெந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சாவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று ஆட்டோவில் வந்திருந்தார். அவர் வேலை என்ன தெரியுமா? கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு பெண்ணும் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைப் பின்பக்கமாகத் தூக்கிக் காட்ட வேண்டும். மணலோ முள்ளோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, துணியால் துடைத்து உள்ளே விட வேண்டும். பதினோரு வருஷம் அந்தக் குதிகால்களைத் துடைத்த மனுஷர். இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்பது எங்களில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

வீடு வீடாகப் போனார். "ஒச்சம்மா, நல்லாயிருக்கியா." "மூக்கம்மா மதினி, மூட்டு வலி எப்படி." "ஏ தங்கமாரி, இங்கயும் தள்ளுமுள்ளுதானா." ஏழு வீட்டிலும் ஊர் கண்ட அடையாளம் சரியாகவே இருந்தது. எட்டாவதாக வெயிலுமுத்துவின் வீடு. ஆமை பலகைமேல் மஞ்சள் மினுங்க உட்கார்ந்திருந்தது.

"அட பேச்சி. உனக்கும் ஒரு வீடு கெடச்சிருச்சா" என்றார் சுடலையாண்டி. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "குருவம்மா எங்க தம்பி?"

நான்தான் சொன்னேன். எப்படி அடையாளம் கண்டோம், எப்படிக் கொடுத்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சுடலையாண்டி வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பேச்சி யாரு முன்னால போனாலும் பின்னாலயே போவா தம்பி. நாயி மாதிரி போவா, பாவம். நம்மளக் கூட்டிட்டுப் போயிர மாட்டாகளான்னு. குருவம்மா அப்படி இல்ல. வரிசையில கடைசியா வருவா, வாஸ்தவம். கேட்டத் தாண்டிட்டான்னா புடிக்க முடியாது. அம்புட்டுப் பேரையும் முந்திக்கிட்டு ஓடுவா. ரூமுக்குள்ள மொத ஆளா நிக்கணும் அவளுக்கு. 'ஏன் தாயி இந்த ஓட்டம்'னு கேட்டா, 'அண்ணே, வீட்ல பூராம் பின்னாலயே நடக்கேன், இங்கயாச்சும் முன்னால போறேனே'ன்னு சிரிப்பா."

"சிரிப்பாளா?" என்றார் வெயிலுமுத்து.

"கேட்டுக்கு வெளியில கேக்கும் தம்பி, அவ சிரிப்பு."

வெயிலுமுத்து பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தனை நாள் சொன்னதெல்லாம் யாரிடம் சொன்னோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆமை கழுத்தை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்கூட வாரீகளாண்ணே. வந்து காட்டுங்க" என்றார்.

"எனக்கு நாளு எண்ணியாச்சு தம்பி. ஆட்டோவுல வந்ததே அதிகம். சொல்றேன், மனசுல வாங்கிக்கோ. நடுவுல ஒரு கோடு நேரா மேல ஏறி மூணாப் பிரியும். எடப்பக்கத்துக் கோடு பாதியில நின்னுபோயிரும். வலப்பக்கம் ரெண்டு கோடு ஒட்டி ஒட்டிப் போகும், சேராது."

மாட்டுச் சுழியை ஒரு சொல்லில் வாங்கிக்கொள்கிறவர், இதை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சுடலையாண்டி செத்துப்போனார்.

வேலி போட்ட காடு எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம். மலையடிவாரம். எங்கெங்கோ கடத்தல்காரர்களிடம் பிடித்த ஆமைகளையெல்லாம் அங்கேதான் விட்டிருந்தார்கள். எபனேசர்தான் உள்ளே கூட்டிப்போனார். வெயிலுமுத்துவோடு நானும் போயிருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு ஆமைகள். கல்லுக்கடியில், புதருக்கடியில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் கருப்பில் மஞ்சள் கோடு. தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒன்று. குனிந்து பார்த்தால் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. சில கோடு தடிமன், சில கோடு நூல்; சிலதுக்கு மேடு உயரம், சிலதுக்குத் தட்டை; சிலது ஆளைக் கண்டால் ஓடும், சிலது காலில் வந்து முட்டும், சிலது எதற்கும் அசையாது.

வெயிலுமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆமையின் பக்கத்தில் மண்டிபோட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் மண்டிபோட்டே நகர்ந்தார். நடுக்கோடு மூன்றாகப் பிரிந்து, இடக்கோடு பாதியில் நின்று, வலக்கோடு இரண்டும் சேராத ஆமை பதினான்கு இருந்தன. பதினான்கையும் ஓரிடத்தில் வைத்து அவர் முன்னால் நடந்து பார்த்தார். ஐந்து அவரை முந்திக்கொண்டு போயின. அந்த ஐந்துக்கும் முன்னால் போய்க் குத்தவைத்து, "குருவம்மா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒன்றும் திரும்பவில்லை. அவள்தான் அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டதில்லையே, எப்படித் திரும்புவாள்.

"அஞ்சையும் தூக்கிட்டுப் போங்களேன் ஐயா, நான் பாத்துக்கிறேன்" என்றார் எபனேசர், குரலைத் தாழ்த்தி.

"வேண்டாம் சார். தெரியாம ஒருத்தியத் தூக்கிட்டுப் போயித்தான் ஒருத்தியத் தொலச்சேன். தெரிஞ்ச பொறகுதான் தூக்குவேன்."

அதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் போகிறார். வருஷம் நாலாகிவிட்டது. மாட்டுத் தரகை விட்டுவிட்டார். இந்த ஆமைக்கு மூக்கில் சளி, இது போன மழைக்கு முட்டையிட்டது, இது புதுசு, போன வாரம் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல எபனேசர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். அங்கே இருக்கிற அத்தனை முதுகும் அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு கோடு கோடாகச் சொல்லுவார். அதில் எது தன் பெண்டாட்டி என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

பேச்சியை அவர் தள்ளிவிடவில்லை. அவர் தின்கிற நேரத்தில் அதற்கும் வைக்கிறார், பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பினால் அது பின்னாலேயே கிளம்பிவிடும். அரை மைல் தூரம், ஆமை நடைக்கு அவர் காத்து நின்று காத்து நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. வெயிலுமுத்து இப்போதெல்லாம் பத்தடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்க்கிறார். பின்னால் பேச்சி வந்துகொண்டிருக்கிறாள்.